ஐம்பத்து நான்கு வோல்ட் பொய்

அத்தியாயம் 11

மல்டிமீட்டரின் சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் ஸர்லிக் நான்காவது முறையாகப் பேட்டரியின் வாயில் வைத்தான். திரையில் எண்கள் ஒரு கணம் தடுமாறின. பிறகு அசையாமல் நின்றன.

ஐம்பத்து நான்கு புள்ளி ஒன்று.

"இதுக்கு மேல ஆரோக்கியமா ஒரு பேட்டரி இருக்க முடியாது அக்கா. என் ரத்த அழுத்தம் இவ்வளவு ஒழுங்கா இருந்தா, டாக்டரே என்னைக் கூப்பிட்டு விருந்து வைப்பாரு."

கலீச்சா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் கத்திவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பிஷ்கெக் நகரத்து ஓஷ் பஜாருக்குப் பின்னால், வெயிலில் வெந்துகொண்டிருந்த அந்த இரும்புக் கன்டெய்னர்தான் அவளுடைய துப்பறியும் அலுவலகம். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் பொய்க் கணக்குகளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, மேலதிகாரியின் மைத்துனனையும் அவ்வாறே பிடித்துக் கொடுத்த குற்றத்திற்காக வெளியே வந்தவள் அவள். மின்கம்பியில் ஓடும் டிராலி பஸ்களின் பணிமனையில் மின்பணியாளனாக இருந்த ஸர்லிக், பஸ்கள் நின்றுபோன பிறகு அவளோடு சேர்ந்துகொண்டான். கம்பிகளையும் கேலியையும் தவிர வேறொன்றும் அறியாதவன்.

எதிரே, கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியின் மீது சைகால் உட்கார்ந்திருந்தாள். முப்பத்து நான்கு வயது. மருந்துக் கடையிலிருந்து நோயாளிகளின் வீடுகளுக்கு மின்சைக்கிளில் மருந்து கொண்டுபோவது அவள் தொழில்.

வழக்கு எளிமையானது, எளிமையாக இருந்ததுதான் எரிச்சலூட்டியது. மூன்று நாள்களுக்கு முன், பிஷ்கெக்கின் தெற்கு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது சைகாலின் சைக்கிள் திடீரென்று செத்துப்போனது. பின்னால் ஓர் ஐஸ் பெட்டி சங்கிலியால் பூட்டப்பட்டிருந்தது. அதற்குள், ஆகுன் என்ற ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநருக்கான ஊசி மருந்து. அடுத்த சரக்கு வர இன்னும் மூன்று வாரம் ஆகும். அவருடைய ஈரல் அவ்வளவு நாள் பொறுக்குமா என்பது மருத்துவருக்கே தெரியாது. உதவிக்கு ஆள் தேடி ஓடிய சைகால் பத்து நிமிடத்தில் திரும்பினாள். சங்கிலி வெட்டப்பட்டிருந்தது. பெட்டியைக் காணவில்லை.

அன்று மாலை, காவல் நிலையத்தில் சைக்கிளை ஓட்டிப் பார்த்தார்கள். அது குதிரைக் குட்டியைப் போலத் துள்ளி ஓடியது. உடனே, சைக்கிள் நின்றது பொய், ஆகவே திருட்டும் பொய், ஆகவே திருடியவள் இவளே என்று இரண்டு ஆகவேக்களில் விசாரணை முடிந்துவிட்டது. மருந்துக் கடையின் புகாரை இன்று மாலை ஆறு மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். அதன் பிறகு சைகால் வீட்டிற்குப் போக முடியாது. சைக்கிள் உண்மையிலேயே நின்றது என்று காட்டினால்தான் அவள் சொன்ன மற்றவற்றை எவரேனும் காதில் வாங்குவார்கள்.

மணி இப்போது ஒன்றரை.

"புகாரை ஆறு மணி வரைக்கும் இழுத்துப் புடிச்சதே நான்தான்," என்றான் எசென். மருந்துக் கடையில், எந்த மருந்து எவரிடம் போகவேண்டும் என்று அனுப்பிவைப்பவன் அவன். நாற்பது வயதிருக்கும், நன்றாக வாரிய தலை, பரிவு நிறைந்த முகம். சைகாலைத் தன் காரில் அழைத்து வந்தவனும் அவனே. "இந்தப் பொண்ணு அப்படிச் செய்யமாட்டான்னு முதலாளிகிட்ட சொல்லிச் சொல்லி என் வாயே வலிக்குது. ஏதாச்சும் பண்ணுங்க."

பேட்டரியைப் போர்த்தியிருந்த கம்பளியுறையை அவன் தன் இடக்கையில் மடித்துப் போட்டிருந்தான். விரற்கடைத் தடிப்பில், சிவப்பும் கறுப்புமாக ஆட்டுக்கொம்புக் கோலம் தைத்த அழகான வேலைப்பாடு. ஸர்லிக் ஒவ்வொரு முறை பேட்டரியைத் தொடவந்தபோதும் எசென் முன்னால் வந்து, கிரீஸ் படாமல் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டான்.

"இன்னொரு தடவை," என்றாள் கலீச்சா.

"அளந்ததையே அளந்தா வளருமா அக்கா, புள்ளையா இது?"

"சும்மா நிக்கும்போது அளந்தே. ஓடும்போது அளந்தியா?"

ஸர்லிக் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி முடுக்கினான். ஐம்பத்து மூன்று. ஒவ்வொரு கம்பியையும் பிடித்து ஆட்டினான். மீட்டர் விடாமல் பீப் என்றது, ஓரிடத்திலும் அறுபடவில்லை. பேட்டரிக் கூட்டின் திருகுகளைக் கழற்றி, உள்ளே வரிசையாக இருந்த பதின்மூன்று செல் தொகுதிகளையும் தனித்தனியே அளந்தான். ஒன்று கெட்டிருந்தாலும் போதும், சைகால் பிழைத்துக்கொள்வாள். பதின்மூன்றும் நான்கு புள்ளி ஒன்று ஆறு, நான்கு புள்ளி ஒன்று ஆறு என்று ஒரே குரலில் ஒப்பித்தன.

"பதிமூணு பேரும் ஒரே வாக்குமூலம். போலீஸ் ஸ்டேஷன்லகூட இவ்வளவு பொருத்தமா எழுத மாட்டாங்க."

"வாயை மூடிட்டு சக்கரத்தைக் கீழ இறக்கு. மீட்டரை ஹேண்டில்ல கட்டு. மேட்டுல ஏறிப் பாரு."

"நானா? அக்கா, வெளிய முப்பத்தெட்டு டிகிரி."

"உன் எடை தொண்ணூறு கிலோ. இன்னைக்குத்தான் அது எனக்குப் பிரயோஜனமா இருக்கப்போகுது."

அவன் போய் நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பினான், சட்டையில் உப்புக்கோடுகள். கையில் பாதி குடித்த மக்ஸிம் புட்டி, தானியத்தைப் புளிக்கவைத்த பானம்.

"ஏறும்போது நாற்பத்தேழு. இறங்கும்போது ஐம்பது. எங்கயும் நிக்கல. நான்தான் ரெண்டு இடத்துல நின்னேன், மக்ஸிம் குடிக்க."

சைகால் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். கலீச்சா எசென் கொண்டுவந்து மேசைமேல் போட்டிருந்த போலீஸ் அறிக்கையின் நகலை எடுத்து, இல்லாத விடையை அதில் தேடினாள். 'மேட்டுத் தெருவில், ரொட்டிக் கடை எதிரில், வாகனம் நின்றதாகக் கூறப்படுகிறது.' கூறப்படுகிறது, சொல்லப்படுகிறது, கருதப்படுகிறது. ஒரு வரியில்கூட எழுதியவர் தாம் கண்டதை எழுதவில்லை. அவளுக்கு அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடவேண்டும் போலிருந்தது.

மீட்டர் பொய் சொல்லவில்லை. சைகாலும் பொய் சொல்லவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் பொய்யர்களின் எதிரே உட்கார்ந்தவளுக்கு அவ்வளவாவது தெரியும். இரண்டும் உண்மையென்றால், இரண்டிற்கும் நடுவில் ஏதோ ஒன்று அன்று இருந்து இன்று இல்லாமல் போயிருக்கிறது. அது என்ன?

எசெனின் கைபேசி ஒலித்தது. மணி பார்ப்பதற்காகவோ, பெயர் பார்ப்பதற்காகவோ அவன் வலக்கையை உயர்த்தினான். பிறகு இடக்கையில் கிடந்த கம்பளியை வலக்கைக்கு மாற்றிக்கொண்டு வெளியே போனான்.

கலீச்சாவின் பார்வை அவன் முதுகோடு போய் நின்றது. அவனுடைய வெளிர்நீலச் சட்டையின் வலக்கைப் பகுதி காய்ந்து, மடிப்புக் கலையாமல் இருந்தது. இடக்கைப் பகுதி மட்டும் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வியர்வையில் நனைந்து கருத்திருந்தது.

"அழாதே. நிமிர்ந்து உட்காரு. பேட்டரிமேல இருந்த கம்பளிப் போர்வையை யார் குடுத்தது?" என்றாள் அவள், சைகாலிடம் தணிந்த குரலில்.

"எசென் அண்ணன்தான். மூணு வாரம் ஆச்சு. நீ எங்க சொந்தம் மாதிரி, உன் குதிரைக்குப் புதுத்துணி போடவேண்டாமான்னு சொல்லி, எல்லாரும் பார்க்க அவரே போர்த்திவிட்டாரு. அவங்க அம்மா தைச்சதாம்."

"ஜூலை மாசத்துல."

சைகால் விழித்தாள். ஸர்லிக்கும் விழித்தான். டிசம்பர் வந்தால் பிஷ்கெக்கில் கம்பளி சுற்றாத பேட்டரியைப் பார்க்க முடியாது. பனியில் அது விறைத்துப்போகும் என்று ஒவ்வொருவரும் பழைய கோட்டையாவது வெட்டிக் கட்டுவார்கள். கண்ணுக்கு அவ்வளவு பழகிய பொருள் என்பதால், கோடையின் நடுவில் அதைக் கண்டும் எவர் கண்ணும் அதில் நிற்கவில்லை. தன் கண்ணும் நிற்கவில்லையே என்று கலீச்சாவுக்கு ஆத்திரமாக வந்தது.

"வெயில் காலத்துல கழட்டி வைக்கணும்னு உனக்குத் தோணலையா?"

"எப்படிக்கா கழட்டறது? சொந்தம்னு சொல்லிப் போர்த்தினதைக் குடுத்தவர் கண் முன்னாலயே கழட்டினா, அவர் மூஞ்சில எறிஞ்ச மாதிரி ஆகாதா? தினமும் காலைல வாசல்ல நின்னு பார்ப்பாரு. அழகா இருக்குன்னு தடவிக் குடுப்பாரு."

"அதுக்கப்புறம் எத்தனை தடவை நின்னுச்சு?"

"ரெண்டு தடவை. ஒரு தடவை பெட்ரோல் பங்க்கிட்ட, ஒரு தடவை பள்ளிக்கூடத்துக்கிட்ட. வேலையை விட்டுத் தூக்கிடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. கொஞ்ச நேரத்துல அதுவாவே சரியாயிடுச்சு."

"நின்னதும் நீ என்ன செஞ்சே?"

சைகால் சற்றுத் தயங்கினாள். "எங்க அப்பா நாரின் மலைப்பக்கம் குதிரை மேய்க்கிறவரு. ஏத்தத்துல ஓடி வேர்த்த குதிரையைச் சட்டுன்னு காத்துல விடமாட்டாரு. தண்ணி காட்டமாட்டாரு. இறுக்கிப் போர்த்தி, அசையாம கட்டிப் போட்டுடுவாரு. நானும் பெல்ட்டை இன்னும் ரெண்டு துளை இறுக்கிக் கட்டினேன்."

ஸர்லிக் மக்ஸிம் புட்டியைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் முதல் முறையாகக் கேலி இல்லை.

"அக்கா, பேட்டரிக்குள்ள ஒரு பாதுகாப்பு போர்டு இருக்கு. சூடு அளவுக்கு மீறினா வாசல் கதவைச் சாத்திடும். உள்ள வோல்ட் அப்படியே இருக்கும், வெளிய ஒரு சொட்டு வராது. ஆறினதும் கதவைத் தானே திறந்துவிட்டுடும். சாயங்காலம் ஆறினப்புறம் போலீஸ்காரன் ஓட்டினா ஓடும். நான் அளந்தா ஐம்பத்து நாலு."

"நீ அளக்கும்போதெல்லாம் போர்வையைக் கழட்டிட்டுத்தானேடா அளந்தே. மலையேறும்போதுகூட."

"நான் கழட்டலக்கா. அந்த ஆளுதான்..." என்று தொடங்கிய ஸர்லிக் பாதியில் நிறுத்தினான். இருவரும் திறந்திருந்த கதவைப் பார்த்தார்கள்.

"அன்னைக்கு சைக்கிள் சரியா எங்க நின்னுச்சு? ரொட்டிக் கடை முன்னாலயா?" என்று கேட்டாள் கலீச்சா.

"இல்லக்கா. கீழ, தெற்குக் கால்வாய் மதகுகிட்ட, வில்லோ மரத்தடில. ரொட்டிக் கடைக்கு நான் ஓடித்தான் போனேன். அங்கதான் போலீஸ்காரர் டீ குடிச்சுட்டு இருந்தாரு. உட்கார்ந்த இடத்துலயே எழுதிட்டாரு. மதகுன்னு எழுதுங்க சார்னு ரெண்டு தடவை சொன்னேன். ரெண்டும் ஒரே தெருதானேன்னு அதட்டினாரு."

வெளியே காலடியோசை கேட்டது. எசென் உள்ளே வந்தான்.

"ஒரே ஒரு சோதனை பாக்கி இருக்கு. அன்னைக்கு இருந்த மாதிரியே," என்றாள் கலீச்சா, மிகவும் சாதாரணமாக. "மருந்துக் கடைலேர்ந்து அதே வழி. சைகாலே ஓட்டட்டும். போர்வையைப் போடுங்க."

"அது எதுக்கு?" எசெனின் கை கம்பளியைச் சற்று இறுக்கியது. "அம்மா வேலைப்பாடு. தெருப் புழுதில..."

"மூணு வாரமா அந்தப் புழுதிலதானே ஓடுச்சு?"

அவன் சிரித்துச் சமாளித்தான். மறுப்பதற்கு அவனிடம் மரியாதையான காரணம் ஒன்றுமில்லை. கலீச்சா தன் கையாலேயே உறையை வாங்கிப் போர்த்தி, பெல்ட்டை இழுத்துக் கட்டி, சைக்கிளை அரை மணி நேரம் வெயிலில் நிறுத்திவைத்தாள். அந்த அரை மணியில் எசென் ஏழு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்ததாக ஸர்லிக் பின்னர் கணக்குச் சொன்னான்.

"நீங்க கார்ல முன்னால போயிடுங்க எசென். அன்னைக்கு நின்ன இடத்துல போய் நில்லுங்க. நின்னா, நீங்கதான் எனக்குச் சாட்சி."

"தாராளமா," என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

மருந்துக் கடை வாசலிலிருந்து சைகால் கிளம்பினாள். பேட்டரியின் வாயிலிருந்து இழுத்த இரண்டு கம்பிகள், ஹேண்டிலில் ஒட்டியிருந்த மல்டிமீட்டரில் முடிந்தன. பின்னால், ஸர்லிக்கின் பழைய காரில் கலீச்சா. காரின் ஜன்னல் கீழிறங்குமே தவிர மேலேறாது. அனல் முகத்தில் அறைந்தது.

"ஐம்பது." சைகால் முன்னாலிருந்து உரக்கச் சொன்னாள். பெட்ரோல் பங்க் கடந்தது. "நாற்பத்தொம்பது." பள்ளிக்கூடம் கடந்தது.

"நிக்கலியே," என்று முணுமுணுத்தாள் கலீச்சா. மணி நான்கே கால். அவளுடைய நகங்கள் உள்ளங்கையில் பதிந்திருந்தன. "ஏன் நிக்கமாட்டேங்குது?"

"வண்டி ஓடுதேன்னு கவலைப்படுற ஒரே ஆள் உலகத்துல நீங்கதான்."

"நாற்பத்தெட்டு," என்றாள் சைகால். ஏற்றம் செங்குத்தாகத் தொடங்கியது. "நாற்பத்தேழு. நாற்பத்தேழு. நாற்பத்..."

குரல் அறுந்தது. சைக்கிள் இருமவில்லை, திணறவில்லை. விளக்கு அணைவது போல அணைந்து நின்றது. சைகால் ஒரு காலைத் தரையில் ஊன்றி, குனிந்து மீட்டரைப் பார்த்தாள். ஸர்லிக் காரை விட்டுக் குதித்து ஓடி, முனைகளை அழுத்திப் பிடித்தான். கைபேசியில் கலீச்சா படம் எடுத்துக்கொண்டே வந்தாள்.

பூஜ்யம்.

"செத்துருச்சு," என்றான் ஸர்லிக் பரவசத்துடன். "அக்கா, சுத்தமா செத்துருச்சு. கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு சந்தோஷப்படல." அவன் பெல்ட்டை அவிழ்த்துக் கம்பளியை உருவினான். பேட்டரியில் வைத்த விரலைச் சட்டென்று எடுத்து உதறினான்.

சைகால் அழுதாள். மூன்று நாள்களாக ஊரே பொய் என்று சொன்ன ஒன்று, அவள் கண்ணெதிரே, எண்ணாக நின்றிருந்தது.

எண்பது அடி மேலே, கால்வாய் மதகின் பக்கத்தில், வில்லோ மரத்து நிழலில் எசென் நின்றிருந்தான். அவர்களைக் கண்டதும் இறங்கி ஓடி வந்தான். அவன் முகத்தில் அதிர்ச்சி மிக ஒழுங்காக அமைந்திருந்தது.

"ஐயோ, கம்பளியாலயா? என் தலைல நானே மண்ணைப் போட்டுக்கிட்டேனே. ஆசையாக் குடுத்தேன்மா, இப்படி ஆகும்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன மெக்கானிக்கா? முதலாளிகிட்ட நானே சொல்றேன், வண்டி நின்னது நிஜம்தான்னு."

"சொல்லுங்க," என்றாள் கலீச்சா. "அறியாம செஞ்சதுக்கு யாரு உங்களைக் குத்தம் சொல்லப்போறா? ஆனா ஒரு சந்தேகம். நீங்க ஏன் இங்க நிக்கிறீங்க?"

"நீங்கதானே நின்ன இடத்துல நிக்கச் சொன்னீங்க?"

"ஆமா. ரொட்டிக் கடை இன்னும் முந்நூறு அடி மேல இருக்கு."

எசென் ரொட்டிக் கடை இருந்த திசையைப் பார்த்தான். பிறகு மதகைப் பார்த்தான்.

"போலீஸ் காகிதத்துல ரொட்டிக் கடைன்னுதான் இருக்கு. நகல் கொண்டுவந்தவரே நீங்கதான்," என்றாள் கலீச்சா. "சைகால், மதகுன்னு இவர்கிட்ட எப்பயாச்சும் சொன்னியா?"

"இல்லக்கா." சைகாலின் அழுகை நின்றிருந்தது. "கடைல யாருமே என்னை ஒரு வார்த்தை கேக்கல. எல்லாரும் காகிதத்தைத்தான் படிச்சாங்க."

"அன்னைக்கு இவ பின்னாலயே கார்ல வந்திருக்கீங்க. எங்க நிக்குதோ அங்க வேலையை முடிக்கலாம்னு. முதல் ரெண்டு தடவையும் வெள்ளோட்டம். மூணாவது தடவைக்குத்தான் விலை கூடின பெட்டியை இவகிட்ட குடுத்து அனுப்பினீங்க."

"அண்ணே," என்றான் ஸர்லிக் காரின் கதவில் சாய்ந்துகொண்டு, "ஓடறதா இருந்தா சொல்லிடுங்க. நான் ஏற்கெனவே ஒரு தடவை இந்த மேட்டுல ஏறிட்டேன். உங்களை உட்காரவச்சு மேல உட்கார்ந்துக்கறது எனக்குச் சுலபம்."

எசென் ஓடவில்லை. அவன் என்ன சொல்லப்போகிறான் என்று கலீச்சா காத்திருக்கையில், சைகால் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அவன் முன்னால் போய் நின்றாள்.

"மருந்து எங்க?"

அவன் ஓரடி பின்வாங்கினான்.

"மருந்து எங்கன்னு கேக்கறேன். என்னைத் திருடியாக்கினதை அப்புறம் பேசிக்கலாம். ஆகுன் ஐயாவுக்கு மூணு ஊசி தவறிப்போச்சு."

"அது குளிர்ச்சில இருந்தாத்தான் காசு. வெயில் பட்டா வெறும் தண்ணி," என்றாள் கலீச்சா, எசெனின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "வீட்டு ஃபிரிட்ஜ்ல வச்சா பொண்டாட்டி கேப்பா. வேற எங்கயாச்சும் வச்சா அந்த வீட்டுக்காரன் கேப்பான். ஊசி மருந்துப் பெட்டியைப் பார்த்தும் யாருமே கேள்வி கேக்காத ஃபிரிட்ஜ் இந்த ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, உங்க கடையோடது."

எசெனின் தோள்கள் இறங்கின. "கண் சொட்டு மருந்து அட்டைப்பெட்டில," என்றான் மெதுவாக. "மூணாவது தட்டு. இன்சுலினுக்குப் பின்னால."

சைகால் அதற்கு மேல் நிற்கவில்லை. சைக்கிளை நிமிர்த்தினாள்.

"பேட்டரி ஆறட்டும்மா, இருபது நிமிஷமாவது," என்றான் ஸர்லிக்.

"போறது இறக்கம்தானே அண்ணே." மிதிக்காமலே அவள் சரிவில் உருண்டு, வளைவில் மறைந்தாள்.

காவல் நிலையத்து லெப்டினன்ட் துராத் ஐந்தே முக்காலுக்கு மேட்டுக்கு வந்தார். கலீச்சா தொலைபேசியில் நான்கு முறை அழைத்திருந்தாள். மூன்று முறை அவர் உணவு இடைவேளையில் இருந்தார். எசெனைப் பார்த்தார், மீட்டரின் படத்தைப் பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டார்.

"சரி. சாட்சிப் பொருள் எங்க? அந்த மருந்துப் பெட்டி. நிலையத்துல ஒப்படைக்கணும். விசாரணை முடியற வரைக்கும் எங்ககிட்டதான் இருக்கணும்."

"உங்க நிலையத்துல ஃபிரிட்ஜ் இருக்கா?" என்று கேட்டாள் கலீச்சா.

"அது எங்க பிரச்சினை."

"இல்ல, அது ஆகுன் ஐயாவோட ஈரலுக்குப் பிரச்சினை."

"சட்டம்னு ஒண்ணு இருக்கும்மா. இப்ப அந்தப் பெட்டி யார்கிட்ட இருக்கு?"

கலீச்சாவின் கைபேசி ஒலித்தது. சைகால். அவள் மூச்சு வாங்கியது.

"அக்கா, கடைல மருந்து எடுத்துக் குடுக்கற அம்மா பெட்டியைத் திறந்து பார்த்தாங்க. குளிர் காட்டற பட்டை நிறம் மாறவே இல்லையாம், நல்லா இருக்குன்னு அவங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. நான் இப்ப ஆகுன் ஐயா வீட்டு வாசல்ல. நர்ஸ் உள்ள ஊசி போட்டுட்டு இருக்காங்க."

"போட்டாச்சா?"

"இருங்க, எட்டிப் பார்க்கறேன். ஆமா, போட்டாச்சு."

கலீச்சா லெப்டினன்ட் பக்கம் திரும்பினாள். "சாட்சிப் பொருள் நோயாளி உடம்புக்குள்ள இருக்கு. வேணும்னா அவரைக் கொண்டுபோய் நிலையத்துல வச்சுக்குங்க."

துராத் தொப்பியைக் கழற்றினார். ஸர்லிக் சிரிப்பை மறைக்கக் காருக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஐயா என்ன சொன்னாரு?" என்று கைபேசியில் கேட்டாள் கலீச்சா.

மறுமுனையில் சைகாலின் குரல் உடைந்து வந்தது.

"திட்டினாருக்கா. மூணு நாள் லேட்டு, புத்தி இருக்கான்னு கேட்டாரு. லேட்டுன்னு மட்டும்தான் திட்டினாரு, திருடின்னு இல்ல."